சாய்வெயில் காட்டிய பிழைப்பு



"எந்தக் கேமரா வாங்கினால் நல்ல வருமானம் வரும், காக்கா?" இக்கேள்வியோடு மாதத்தில் இரண்டு மூன்று பேராவது மேலப்பாளையத்தில் உள்ள என் சிறிய ஸ்டூடியோவின் படியேறி வருகிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர் ஒருவர். பட்டம் பெற்றும் வேலை அமையாதவர் ஒருவர். மகனுக்காக விசாரிக்க வரும் தாயார் ஒருவர். அவர்களுக்கு நான் உடனே விடை சொல்வதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் ஒரு படத்தின் முன்னே கொண்டுபோய் நிறுத்துகிறேன். அது ஒரு பத்தமடைப் பாயின் படம். வந்தவர்களில் பலர், "பாய்தானே!" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கேமராவின் விலைக்கே திரும்பிவிடுவார்கள். ஒருசிலர் மட்டும் தம்மை அறியாமல் விரலை நீட்டிப் படத்தைத் தடவிப் பார்ப்பார்கள். கோரையின் மேடு பள்ளம் கையில் தட்டுப்படும் என்ற எண்ணம் அவர்களுக்கு! அப்படித் தடவிப் பார்த்தவர்களை உட்காரவைத்துத் தேநீர் வரவழைப்பேன்.

அந்தப் படத்தின் கதையை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு முன் எங்கள் கடையின் கதையைச் சிறிது சொல்லியாக வேண்டும்.

என் வாப்பா 1968இல் இந்தக் கடையைத் தொடங்கினார்கள். 1973க்குப் பின் எண்ணெய் விலை ஏறி, வளைகுடா நாடுகள் வேலைக்கு ஆள் தேடத் தொடங்கியபோது, பாஸ்போர்ட் படம்தான் எங்கள் வீட்டு அடுப்பை எரித்தது. ஒருவர் வந்து உட்கார்ந்தால் எட்டுப் பிரதிகள் எடுத்துப் போவார். இந்த எட்டுப் பிரதி வியாபாரத்திற்குப் பாரிஸ் நகரில் ஒரு முன்னோடி உண்டு என்பதைப் பிற்காலத்தில்தான் படித்தறிந்தேன். திஸ்தேரி என்பவர் 1854இல், ஒரே தகட்டில் பல சிறு படங்களைப் பதியவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை செல்வர்களுக்கு மட்டுமே எட்டியிருந்த முகப்படம், அதனால் சாதாரணக் குடும்பங்களுக்கும் கிடைக்கலாயிற்று. படம் எடுப்பவர்கள் எல்லாரும் அதைப் பின்பற்றினார்கள். திஸ்தேரி மட்டும் 1889இல் வறுமையில் இறந்தார். ஒரு நுட்பத்தைக் கண்டுபிடிப்பது வேறு, அதைக் கொண்டு கடைசிவரை பிழைப்பது வேறு. இந்த இரண்டாவது பாதி என்னையும் ஒரு நாள் தொடும் என்று அப்போது தோன்றவில்லை.

வாப்பாவிடம் இன்னொரு கைவேலை இருந்தது. நம் ஊர்ப் பெண்கள் பலருக்குக் கணவரோடு சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட இராது. நிக்காஹ் முடிந்த சில வாரங்களில் மாப்பிள்ளை பயணம் போயிருப்பார். பிள்ளை பிறந்து நடக்கும்போதும் அவர் அங்கேதான் இருப்பார். அவர் அனுப்பிய படத்தை எடுத்துக்கொண்டு மாமியார் கடைக்கு வருவார்கள். வாப்பா அதை மறுபடம் எடுத்து நெகட்டிவ் ஆக்குவார்கள். பிறகு இருட்டறையில், என்லார்ஜரின் அடியில், அட்டையால் தாளின் ஒரு பாதியை மறைத்துக் கணவரை ஒரு பக்கம் பதித்து, அடுத்து மறுபாதியை மறைத்து மனைவி மக்களை இன்னொரு பக்கம் பதிப்பார்கள். இரண்டும் சேருமிடத்தில் கோடு தெரியாமல் மெல்லிய தூரிகையால் சாயம் தொட்டு வைப்பார்கள். ஒரு படத்திற்கு ஒரு நாள் ஆகும். கூலி, பாஸ்போர்ட் படத்தைப்போல நாலு மடங்கு. ஆயினும் ஒருவர்கூடப் பேரம் பேசியதில்லை. அது ஏன் என்று நான் அந்த வயதில் ஒருமுறையும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால், பின்னால் அறுபதாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

1999இல் வாப்பா மௌத்தானார்கள். அதன்பின் நடந்தவை நீங்கள் அறிந்தவைதாம். பிலிம் போயிற்று. 2006இல் கோனிகா மினோல்டா நிறுவனம் புகைப்படத் தொழிலைவிட்டே விலகியது. டிஜிட்டல் கேமராவை 1975லேயே தன் கூடத்தில் உருவாக்கிப் பார்த்த கோடக் நிறுவனம், 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. அத்தனை பெரிய ஆனைகளே விழுந்தபோது மேலப்பாளையத்துக் கடையொன்று எம்மாத்திரம்! கையில் மொபைல் வைத்திருந்தவரெல்லாம் புகைப்படக்காரர் ஆனார்கள். இருட்டறையில் தொட்டிகள் காய்ந்தன. காலையில் ஷட்டரைத் தூக்குவேன். லுஹர் பாங்கு வரை ஒருவரும் வரமாட்டார்கள்.

அப்போதுதான், 2009இல், அந்தத் தவற்றைச் செய்தேன். "புதுமை காட்டினால் கூட்டம் வரும்" என்று யாரோ சொல்ல, மச்சானிடம் அறுபதாயிரம் கடன் வாங்கிச் சென்னைக்குப் போய், புதுமைகளை வாங்கி வந்தேன். ஒரு முகத்தை ஐந்தாகக் காட்டும் கண்ணாடி. விளக்கையெல்லாம் நட்சத்திரமாக்கும் கண்ணாடி. சுற்றுப்புறம் முழுவதையும் வளைத்துப் போடும் மீன்கண் லென்ஸ். மாப்பிள்ளையை ரோஜாப்பூவுக்குள் உட்காரவைக்கும் கணினி மென்பொருள். முதல் கல்யாணத்திலேயே பெண் வீட்டுப் பெரியவர் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "தம்பி, படமெல்லாம் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு மண்டை ஏன் பூசணிக்காயா இருக்கு?" என்று கேட்டார். சபையே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சாமான்கள் ஒன்றரை ஆண்டில் அலமாரிக்குப் போயின. கடன் மட்டும் நான்காண்டு என்னோடு வந்தது.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வாப்பாவின் சேர்ப்புப் படமும் ஒரு தந்திரம்தான். என் மீன்கண் லென்ஸும் ஒரு தந்திரம்தான். ஆனால் வாப்பாவின் வேலைக்கு முன்னால் ஒரு வீட்டின் குறை இருந்தது. பிள்ளைக்குத் தகப்பனைக் காட்ட ஒரு படம் இல்லை என்ற குறை. என் லென்ஸுக்கு முன்னால் என் கடைவாடகையைத் தவிர வேறொன்றும் இல்லை.

2013ஆம் ஆண்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்கள் முந்தி, பத்தமடையிலிருந்து ஓர் அம்மையார் கடைக்கு வந்தார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள். ஆகவே ராத்தா என்று அழைத்தேன். கக்கத்தில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பாய். பத்தமடைப் பட்டுப் பாயை அறியாதவர்களுக்காக ஒரு சொல்: ஆற்றோரத்தில் விளையும் கோரையை வெட்டி, காயவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்து, மறுபடியும் காயவைத்து, பருத்தி நூலைப் பாவாக வைத்து நெய்வது அது. துணிபோல் மடியும். நெய்பவர்களில் பெரும்பாலோர் நம் லெப்பைமார் வீட்டுப் பெண்கள். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் இருவர் பெயரையும் நெசவிலேயே எழுதிவிடுவார்கள். புவிசார் குறியீடும் பெற்ற பொருள். (பாய் நெய்கிற பாய் என்று பிற சமயத்து நண்பர்கள் கேலி பேசுவதும் பழைய கதை.)

ராத்தா தம் மகனுடைய மொபைலை என் கையில் தந்தார்கள். அதில் அவர்கள் பாயின் படம் இருந்தது. "இதைப் பார்த்துட்டு மெட்ராஸ்காரங்க, பிளாஸ்டிக் பாயான்னு கேக்குறாங்க தம்பி" என்றார்கள். குரலில் கோபம் இல்லை, அவமானம் இருந்தது. ஒரு மாதம் குனிந்து உட்கார்ந்து நெய்தவருக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நான் பாயைத் தரையில் விரித்தேன். இரண்டு பக்கமும் குடை விளக்கைப் போட்டு எடுத்தேன். என் படமும் பிளாஸ்டிக் பாயாகவே இருந்தது! கேமரா மாற்றினேன், லென்ஸ் மாற்றினேன். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டப் பாய் இன்னும் வழுவழுப்பாயிற்று. ராத்தா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்று கேட்டார்கள்: "ஏன் தம்பி, இத்தனை வெளக்கு? நாங்க நெசவுல குறை பாக்குறது காலை வெயில்லதான். வாசல்ல விரிச்சு, தரையோட தரையாத் தலையைச் சாய்ச்சுப் பாப்போம். ஒரு இழை தூக்கினாலும் நெழல் காட்டிக்கொடுத்துரும்."

வாசகர்களே, இருபத்தேழு ஆண்டுகள் இத்தொழிலில் இருந்தவன் நான். பாயைக் காட்டுவது வெளிச்சம் அன்று, நிழல் என்பதை நெசவுக்காரப் பெண்மணி ஒருவர் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருந்தது. என் உம்மாவும் அரிசியில் கல் பொறுக்கும்போது சுளகைச் சன்னலோரம் சாய்த்துத்தான் பிடிப்பார்கள். இருபத்தேழு ஆண்டும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை ராத்தாவின் வீட்டுக்கே போனேன். கிழக்குச் சன்னல். ஏழு மணிக்கு வெயில் ஏறத்தாழப் படுத்தவாறு உள்ளே வந்தது. பாயை ஒரு மேசையில், வெயில் அதன் மேற்பரப்பை உரசிக்கொண்டு போகும்படி விரித்தோம். ஒவ்வொரு கோரை இழைக்கும் ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் மயிரிழை நிழல்! நிழல் மிகக் கருத்துவிடாமல் எதிர்ப்பக்கத்தில் ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்தி, கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டேன். சூரியன் நாலு நிமிடத்திற்கு ஏறக்குறைய ஒரு பாகை உயர்கிறது. ஆகவே இருபது நிமிடத்திற்குள் எடுத்து முடித்தாக வேண்டும். பிறகு நிழல் சுருங்கி, பாய் மறுபடியும் தட்டையாகிவிடும். மொத்தப் பாய் ஒரு படம். பெயர் நெய்த இடம் ஒரு படம். மடித்த ஓரம் ஒரு படம். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தோடு ஒரு படம். அவ்வளவுதான். அறுபதாயிரம் ரூபாய்ச் சாமான்களில் ஒன்றையும் நான் எடுத்துப் போகவில்லை.

முந்நூறு ரூபாய் கூலி வாங்கினேன். பெருநாள் கழிந்த வாரத்தில் ராத்தாவுக்கு இரண்டு கல்யாணப் பாய்கள் கேட்டு வந்தன. அடுத்த தெருவிலிருந்து இன்னொருவர் என்னை அழைத்தார். பிறகு அவர்களின் உறவினர்கள்.

இதன்பின் என் கண் மாறிவிட்டது எனலாம். கடைத்தெருவில் நடக்கும்போது, "இந்தப் பொருள் நேரில் இருப்பதுபோலப் படத்தில் ஏன் இல்லை?" என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கேட்கலானேன். அல்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து பிளாஷ் அடித்தால் அது எண்ணெய் பூசிய செங்கல் போலிருக்கும். விளக்கைப் பின்னால் வைத்துப் பாருங்கள். கோதுமைப் பாலின் கண்ணாடித்தன்மை ஒளியை உள்ளே விட்டு, தேன் நிறத்தில் சுடர்விடும். பிரியாணியின் ஆவிக்கும் பின்வெளிச்சமும் கறுப்புப் பின்திரையும்தான் வேண்டும்; முன்வெளிச்சத்தில் ஆவி கண்ணுக்கே தெரியாது. அத்தர் புட்டி விற்பவர் ஒருவர், "கண்ணாடி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை" என்றார். புட்டிக்குப் பின்னே வெள்ளைத் தாளில் விளக்கைப் பாய்ச்சி, படத்துக்குள் வராதபடி இருபுறமும் கறுப்பு அட்டை வைத்தேன். அட்டையின் கருமை கண்ணாடியின் ஓரங்களில் பிரதிபலித்து, பேனாவால் வரைந்ததுபோல் புட்டியின் வடிவம் எழுந்தது.

வீட்டிலிருந்தபடியே புர்கா, அபாயா தைத்து விற்கும் சகோதரிகள் பலர் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கு ஸ்டூடியோ தேவையில்லை. கறுப்புத் துணியைக் கண்டால் மொபைல் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி, அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். திரையில் வெளிச்ச அளவைக் கையால் குறைத்துக்கொள்ளுங்கள். துணியைச் சன்னலுக்கு நேராக அல்ல, பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். கைவேலையின் நூல் எழுந்து நிற்கும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். சன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால், மெரூன் துணியை வாங்கியவர் "நான் கேட்டது இந்த நிறமல்லவே" என்று திருப்பி அனுப்புவார். வெயில் நேராக விழுந்தால் சன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள். இவ்வளவுக்கும் செலவு ஒரு தெர்மாகோல் பலகையின் விலை.

எல்லாம் நல்லபடியாகப் போயிற்று என்று எழுதிவிடத்தான் ஆசை. ஆனால் 2015இல் நான் செய்ததைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

ராத்தா ஒரு கல்யாணப் பாய் நெய்திருந்தார்கள். அதன் இடப்புறம், இரண்டு விரல் அகலத்துக்கு, சாயம் சரியாக ஏறாமல் ஒரு பட்டை மங்கியிருந்தது. நான் படத்தை எடுத்துக் கடைக்கு வந்து, கணினியில் பார்த்தபோது அந்த மங்கல் கண்ணை உறுத்தியது. கல்யாணப் பெண்ணின் முகத்தில் பருவை அகற்றிப் பழகிய கை! இரண்டே நிமிடம், பட்டை மறைந்தது. ராத்தாவிடம் சொல்லவும் இல்லை. 'அவர்களுக்கு உதவிதானே செய்கிறேன்' என்று எண்ணிக்கொண்டேன். படத்தைப் பார்த்த வீட்டார் மகிழ்ந்து, முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டார்கள். பாய் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் திரும்பி வந்தது. "படத்தில் ஒன்று காட்டி, வேறொன்றை அனுப்புகிறீர்களே, நீங்கள் முஸ்லிம்தானா?" என்று தொலைபேசியில் ராத்தாவைக் கேட்டிருக்கிறார்கள்.

வேறு பாயாக இருந்தால் இன்னொருவருக்கு விற்கலாம். இதில் மணமக்கள் பெயர் நெய்திருக்கிறதே! அதை யார் வாங்குவார்கள்?

ராத்தா பாயை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். நான் படத்தை மாற்றியதை ஒப்புக்கொண்டேன். அவர்கள் ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். "கொறை இருந்தா இருக்குன்னே காட்டியிருக்கலாமே தம்பி" என்றார்கள். "வெலையைக் கொறைச்சுக் கேட்டிருப்பாங்க, நானும் கொடுத்திருப்பேன். இப்ப என் பேரும் போச்சு, அந்தப் பொண்ணு கல்யாணத்துக்குப் பாயும் இல்லாம ஆச்சு." சரக்கின் குறையை மறைத்து விற்கலாகாது என்பது நம் மார்க்கம் வியாபாரிக்கு வைத்திருக்கும் வரம்பு. வெள்ளிக்கிழமை பயானில் நூறு தடவை கேட்டதுதான். ஆனால் அது கடைக்காரருக்குச் சொன்னது, படம் எடுப்பவனுக்குச் சொன்னதல்ல என்று என் மனம் எப்படியோ ஒரு பிரிவினை செய்துவைத்திருந்தது.

அந்த வீட்டாருக்கு ராத்தா திருப்பித் தரவேண்டிய முழுத் தொகையையும் நான் கொடுத்தேன். ராத்தா பாதியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போகப் பார்த்தார்கள். என் மனைவி பின்னாலேயே ஓடித் திணித்துவிட்டு வந்தாள். பாயை நான் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை அதைச் சாய்வெயிலில் விரித்து, அந்த மங்கிய பட்டை நன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்தேன். சுவரில் இருப்பது அந்தப் படம்தான். யாரோ முன்பின் அறியாத இருவரின் பெயர் அதில் இருக்கிறது. அவர்கள் நல்லபடியாக வாழட்டும் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் துஆச் செய்துகொள்கிறேன்.

அன்றிலிருந்து எந்தப் பொருளை எடுத்தாலும் குறைக்கென்று ஒரு தனிப் படம் எடுத்துவிடுவேன். முதலில் சில வியாபாரிகள் முகம் சுளித்தார்கள். இருவர் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். ஆயினும் திரும்பி வரும் சரக்கு குறைந்ததைக் கண்டபின் மற்றவர்கள் தாமே, "அந்தக் குறைப் படத்தையும் எடுத்துருங்க" என்று கேட்கலானார்கள். வியாபாரத் தந்திரமாக நான் அதைத் தொடங்கவில்லை, வெட்கத்தில் தொடங்கினேன்.

அடுத்து, பழைய படங்களைப் பற்றிச் சிறிது. ஒவ்வொரு வீட்டிலும் கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன ஒரு வாப்புச்சா படம் இருக்கும். தயவுசெய்து அதைப் பிய்த்தெடுக்க முயலாதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் மேலேயே மறுபடம் எடுக்கலாம். பளபளப்புதான் தடை. விளக்குகளின் முன் துருவமாக்கும் தாளை ஒரே திசையில் கட்டி, லென்ஸின் முன்னுள்ள துருவக் கண்ணாடியை அதற்குக் குறுக்காகத் திருப்பினால், பளபளப்பு அணைந்து உள்ளிருக்கும் முகம் தெளியும். இத்தாளை 1929இல் உருவாக்கியவர் எட்வின் லாண்ட் என்ற அமெரிக்கர். அவரைப் பற்றிய ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். 1943இல் விடுமுறையில் எடுத்த படத்தை ஏன் உடனே பார்க்க முடியாது என்று அவருடைய மூன்று வயது மகள் கேட்டாளாம். அந்தக் கேள்வியை அவர் சிரித்துத் தள்ளிவிடவில்லை. 1948இல் உடனடிப் படம் தரும் போலராய்டு கேமரா கடைக்கு வந்தது.

என் மகளும் ஒரு கேள்வி கேட்டாள். 2017 என்று நினைவு. கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதிக்கு நான் போவதில்லை; அவள்தான் போய்வருவாள். "வாப்பா, பாதி வீடுகளில் பெண் முகத்தைப் படம் எடுக்கவேண்டாம் என்கிறார்கள். ஆனால் நினைவுக்கு ஒன்றுமே இல்லையே என்று ஆறு மாதம் கழித்து வருந்துகிறார்கள். முகம் இல்லாமல் ஒரு கல்யாணத்தைச் சொல்ல முடியாதா?" என்றாள். நான் முடியாது என்றுதான் சொன்னேன். நல்லவேளை, அவள் கேட்கவில்லை!

அவள் செய்ததைப் பாருங்கள். மணப்பெண்ணைச் சன்னல் முன் நிறுத்தி, வெளியிலுள்ள வெளிச்சத்துக்கு அளவு வைத்து எடுத்தாள். பெண் கரிய நிழலுருவாக, முக்காட்டின் ஓரம் மட்டும் ஒளிக்கோடாக நின்றாள். மருதாணிக் கைகளைப் பக்க வெளிச்சத்தில் எடுத்தாள். உம்மம்மாவின் சுருங்கிய விரல்கள் பேத்தியின் வளையலைத் திருத்துவதை எடுத்தாள். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகள், தாலத்தில் மல்லிகை, மாப்பிள்ளை வீட்டார் வரும்போது திரைச்சீலையின் கீழே தெரிந்த குழந்தைகளின் கால்கள்... நாற்பது படங்கள், ஒரு முகம் இல்லை. ஆல்பத்தைப் பார்த்த மணப்பெண்ணின் உம்மா அந்தக் கை படத்தில் நின்றுவிட்டார்களாம். அந்த மூதாட்டி கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் மௌத்தாகியிருந்தார்கள்.

படம் எடுத்து முடித்ததும், அச்சான ஆல்பத்தோடு கார்டையும் அந்த வீட்டாரிடமே கொடுத்துவிட்டு, கடைக் கணினியில் உள்ளதை அவர்கள் கண்முன் அழித்துவிடுவாள். விளம்பரத்துக்காக ஒரு படத்தையும் அவள் வெளியிட்டதில்லை. எங்களைப் பற்றி வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பெண்கள்தாம். இன்று கடை வருமானத்தில் பாதிக்குமேல் அவள் கணக்கில் வருகிறது என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. முன்பு அவள் பிறந்தபோது, "ஸ்டூடியோவைப் பார்க்க ஆண்பிள்ளை இல்லையே" என்று சொன்ன உறவினர்களுக்குத்தான் கூச்சம் இருக்கவேண்டும்.

வருமானத்தைப் பற்றிக் கேட்பீர்கள். பெரும் பணம் இதில் இல்லை. பாய்க்கு எடுக்கும் கூலி இன்றும் நெய்பவருக்குத் தாங்கக்கூடிய அளவில்தான் வைத்திருக்கிறேன்; கல்யாணமும் கடைக்காரர்களின் வேலையும் அதை ஈடுகட்டுகின்றன. புதிய சாமான் எதையும், அது இல்லாததால் குறைந்தது மூன்று வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் வாங்குவது என்று ஒரு கட்டுப்பாடு. இதனால் சில நல்ல வேலைகள் கைநழுவிப் போயிருக்கின்றன. அலமாரியில் கிடக்கும் மீன்கண் லென்ஸைப் பார்த்து ஆறுதல் அடைகிறேன்.

ஆகவே என் கடைக்கு வரும் தம்பிகளிடம் கேமராவின் பெயரை நான் சொல்வதில்லை. "உன் தெருவில் என்ன செய்கிறார்கள்? என்ன விற்கிறார்கள்? அவர்கள் மொபைலில் உள்ள படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, நேரில் இருப்பதில் எது அதில் விட்டுப்போயிற்று என்று அவர்களிடமே கேட்டு வா" என்று அனுப்புகிறேன். திரும்பி வந்தவர்கள் நால்வர். ஒருவர் நாட்டு மருந்துக் கடைகளுக்கு வேரும் பட்டையும் படம் எடுத்துக் கொடுக்கிறார். இன்னொருவர் கருப்பட்டிக்காரர்களிடம் போயிருக்கிறார். கருப்பட்டியின் சொரசொரப்புக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் வைப்பது என்று நேற்றிரவுகூட என்னோடு வாதாடினார். அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்போலத் தோன்றுகிறது.

ராத்தாவுக்கு இப்போது கண்பார்வை சற்று மங்கிவிட்டது. நெசவை மருமகள் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் முடிந்த பாயைக் காலை வெயிலில் குனிந்து சோதிப்பது இன்னும் அவர்கள்தாம். கண்ணுக்குத் தெரியாததை விரல் கண்டுபிடிக்கிறது. இன்று சுப்ஹு தொழுகை முடிந்ததும் முதல் பேருந்தைப் பிடித்துப் பத்தமடைக்கு வந்துவிட்டேன். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் இதன் கடைசி வரிகளை எழுதுகிறேன். உள்ளேயிருந்து குரல் வருகிறது: "தம்பி, வெயில் மேசைக்கு வந்துட்டு. வலப்பக்க ஓரத்துல ஒரு இழை தூக்கியிருக்கு, அதை முதல்ல எடுத்துக்கோங்க."